வெயிலில் இழுத்த பிலிம்

"வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. என்ன தெரியுது?"

சினிமாக்கார ஆல்வின் இப்படிக் கேட்டபோது நகீமாவுக்குப் பதினாறு வயது. மேய்ச்சல் வெளியில் நின்ற லாரிக்குப் பின்னால், அறுந்துபோன பிலிமின் ஒரு நுனியை அவள் கையில் கொடுத்திருந்தான். ஒட்டுவதற்கு இன்னொரு ஜோடிக் கை தேவைப்பட்டது. ஆண்கள் குதிரை மந்தையோடு போயிருந்தார்கள். மற்றப் பெண்களைக் கூப்பிட்டால் கூடிச் சிரித்துப் பிலிமைக் கசக்கிவிடுவார்கள். நகீமா சிரிக்க மாட்டாள், பேசவும் மாட்டாள், கை மட்டும் நடுங்காமல் இருக்கும். அதைக் கவனித்துத்தான் கூப்பிட்டிருந்தான்.

அவள் பிலிமைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கட்டைவிரல் நகம் அளவுக் கட்டங்களில் ஒரு பெண் ரயில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு பொம்பளை," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கீழேயும் அதே பொம்பளை. அதுக்குக் கீழேயும்."

"அவ்வளவுதான் சினிமா. இதைப் பார்க்கத்தான் உங்க ஆளுங்க இருபது கிலோமீட்டர் குதிரை ஏறி வர்றாங்க," என்றான் ஆல்வின்.

அதற்குப் பிறகு அவன் வரும்போதெல்லாம் ரீல் சுற்றுகிற வேலை அவளுடையதாகிவிட்டது. அவனே மரத்தில் செய்த சுற்றுக் கட்டை ஒன்று இருந்தது, ஒரு பக்கம் கைப்பிடி வைத்தது. அதை அவர்கள் கூடாரத்திலேயே விட்டுவைத்திருந்தான். கூலி ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதை. ஒருமுறை புது ரீல் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது படமே வராததைக் கண்டு அவள் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள். தான் ஏதோ கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டு, ஆரம்பத்தில் பத்துப் பதினைந்து முழத்துக்கு எந்தப் படமும் இருக்காது, வெறும் பிலிம்தான், அவசரப்படாமல் இழுத்துக்கொண்டே போனால் தானாகப் படம் வரும் என்று சொன்னான். அதை அவள் மனத்தில் போட்டு வைத்துக்கொண்டாள். ஏழாவது வகுப்போடு, அம்மா செத்துப்போனதும், பள்ளிக்கூடம் நின்றுபோன பெண் அவள். அண்ணன் வீட்டில் குதிரை கறக்கவும் எரு தட்டவும் தெரியும். அவை எல்லாப் பெண்களுக்கும் தெரிந்தவை. பிலிமைப் பற்றித் தெரிந்தது அந்த மேய்ச்சல் வெளியிலேயே அவளுக்கு மட்டும்தான்.

ஆல்வின் ஜெர்மன்காரன். ஆனால் அந்தக் கூட்டுப்பண்ணையில் யாரும் அவனை அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. போர் மூண்ட ஆண்டில் வோல்கா கரையில் வாழ்ந்த ஜெர்மன்காரர்களை மாட்டு ரயிலில் அடைத்துக் கொண்டுவந்து கசாக் புல்வெளியில் இறக்கிவிட்டபோது அவனுக்கு எட்டு வயது. நகீமா அப்போது பிறக்கவில்லை. அவளுடைய அம்மாதான் அந்தக் குளிர்காலம் முழுக்க அவனையும் அவன் தாயையும் தொழுவத்தை ஒட்டிய அறையில் வைத்துப் பால் ஊற்றினாள். அவன் கசாக் மொழியை ஆட்டுக்காரர்களிடம் கற்றதால், முதலில் வசவுகளும் பிறகுதான் மற்ற சொற்களும் வந்தன. நகீமாவின் அண்ணன் துராரும் அவனும் ஒரே குதிரையில் ஏறி விழுந்தவர்கள். துரார் அவனை 'மஞ்சத் தலையா' என்று கூப்பிடுவான். அவன் துராரை 'குடத் தலையா' என்பான்.

வானத்திலிருந்து உருண்டை விழுந்தது மூன்று கோடை கழித்து, ஜூலை மாதத்தில்.

முதல் நாள் மாலைதான் ஆல்வின் வந்து படம் காட்டியிருந்தான். லாரியிலேயே தூங்கி எழுந்து, பொழுது விடிந்ததும் நகீமா ஊற்றிக் கொடுத்த தேநீரை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, அடுத்த மேய்ச்சலுக்குப் புறப்பட்டுப் போனான். அவன் லாரியின் புழுதி அடங்கி, இரண்டாவது கறவையும் முடிந்த பிறகு, மேகமே இல்லாத வானத்தில் அடுத்தடுத்து இரண்டு இடி இடித்தது. குதிரைகள் காதை விறைத்தன. அண்ணி ரிஸ்தி கூடாரத்தை விட்டு ஓடி வந்து கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். வெகு உயரத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு துணி விரிந்து, காற்றில் சாய்ந்து சாய்ந்து இறங்கியது.

துரார் இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு குதிரையில் போனான். விண்வெளி வீரர் யாராவது வந்து இறங்கியிருப்பார் என்று அவனுக்குத் தோன்றியதால், வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு தோல்பை நிறையப் புளித்த குதிரைப் பாலும் எடுத்துக்கொண்டான். போய்ப் பார்த்தால், ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு கரிந்த உருண்டை. காற்று துணியோடு சேர்த்து அதை இழுத்துக்கொண்டு போய்ப் பாறை மேட்டில் மோதியதில் ஒரு மூடி பிளந்திருந்தது. துரார் குதிரையை விட்டு இறங்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கசாக் மொழியில் ஒருமுறை, தெரிந்த ரஷ்யச் சொற்களில் ஒருமுறை, வணக்கம் சொன்னானாம். பதில் இல்லை. தட்டிப் பார்த்தானாம். பிறகு தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, விருந்தாளி யாரும் இல்லை என்று அறிவித்தான். அந்தப் பாலை அவர்களே உருண்டையின் நிழலில் உட்கார்ந்து குடித்தார்கள்.

அதற்குள் பெண்கள் வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ரிஸ்தியின் கண் முதலில் துணியின் மேல்தான் விழுந்தது. வரும் இலையுதிர் காலத்தில் அவள் தங்கைக்குக் கல்யாணம். மணப்பெண்ணை மறைத்து உட்கார வைக்கத் திரை வேண்டும். கடையில் அவ்வளவு நீளப் பட்டு யாருக்கும் கிடைக்காது. அவள் இடுப்பிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். வரும்போதே எடுத்து வந்திருந்தாள். மற்றப் பெண்கள் கயிறுகளைப் பங்கு போட்டார்கள். துரார் உருண்டைக்குள்ளிருந்து கனமான இரும்புப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு, டிராக்டர் ஸ்பேனரால் திறந்தான். உள்ளே ஒன்றரைச் சாண் அகலத்தில், மங்கலான வெண்ணெய் நிறத்தில், ஒரு பெரிய சுருள்.

எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி தோல் என்றாள். இன்னொருத்தி மெழுகுத் துணி, மேசைக்கு விரிக்கலாம் என்றாள். துரார், மூட்டை கட்ட நல்ல வார் ஆகும், அறுத்துப் பங்கு போடலாம் என்று கத்தியை எடுத்தான்.

"அறுக்காதீங்கண்ணே," என்றாள் நகீமா. "அது பிலிம்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை பேருக்கு நடுவில் அவள் வாய் திறந்ததை அங்கே யாரும் அதுவரை கேட்டதில்லை.

ரிஸ்திதான் முதலில் சுதாரித்தாள். புருஷன் வீட்டு உறவுகளை மருமகள் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது வழக்கம். அதனால் நாத்தனாருக்கு அவள் வைத்திருந்த பெயர் பேசாமடந்தை. "அடடே, எங்க பேசாமடந்தை பேசிட்டா. பிலிம்னா படம் இருக்குமே. படத்தைக் காட்டு பார்க்கலாம்," என்றாள்.

நகீமா நுனியைப் பிடித்துச் சூரியனுக்கு நேரே தூக்கினாள். ஒன்றும் தெரியவில்லை. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். காது மடல் சூடாகியது. ஆனால் அவளுக்குத்தான் தெரியுமே. நிமிர்ந்து நின்று சொன்னாள்:

"ஆரம்பத்துல இப்படித்தான் வெறுமையா இருக்கும். இழுத்துக்கிட்டே போங்க. படம் அப்புறம் வரும்."

இழுத்தார்கள். நான்கு பெண்கள் இந்தப் பக்கம், குழந்தைகள் அந்தப் பக்கம், புல்லின் மேல் நீள நீளமாக. இவ்வளவு அகலமான பிலிமில் முன்பகுதியும் அதற்கேற்ற நீளம் இருக்கும் என்று அவள் சொன்னாள். இன்னும், இன்னும் என்று சொன்னாள். யாரும் அவள் பேச்சை மறுக்கவில்லை. பத்து முழம் போய் நூறு முழம் ஆனது. பாறை மேட்டிலிருந்து ஓடைவரை பிலிம் வெயிலில் பளபளத்துக் கிடந்தது. முதலில் இழுத்த பகுதியை அவள் திரும்பிப் பார்த்தபோது வெண்ணெய் நிறம் மாறியிருந்தது. சாம்பலும் ஊதாவுமாக மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது.

"வருது," என்றாள் நகீமா. "பாருங்க அண்ணி, படம் வருது."

எல்லாரும் அவளைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து, கறுத்துக்கொண்டிருந்த பிலிமைப் பார்த்தார்கள். ஒரு குழந்தை தனக்குக் குதிரை தெரிகிறது என்றது. இன்னொன்று தனக்கும் தெரிகிறது என்றது. ரிஸ்தி நாத்தனாரின் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். பின்னால் எத்தனையோ ஆண்டுகள் நகீமா மறக்க நினைத்தது இந்த நேரத்தைத்தான். அதற்குப் பிறகு நடந்தவைகூட இந்த அளவுக்கு அவள் முகத்தைச் சுட்டதில்லை. அந்த நேரத்தில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

அந்த உருண்டை அமெரிக்காவின் தலைக்கு மேல் எட்டு நாள் சுற்றி, அங்கிருந்த விமானத் தளங்களையும் துறைமுகங்களையும் படமெடுத்துக்கொண்டு இறங்கி வந்த வேவு உருண்டை என்று அவள் தெரிந்துகொண்டது, தலை நரைத்த பிறகு, நாடே இரண்டு முறை பெயர் மாறிய பிறகு, ஒரு பழைய செய்தித்தாளில். எடுத்த பிலிமை இருட்டிலேயே வைத்து மருந்தில் கழுவினால்தான் படம் நிற்கும், அதற்கு முன் ஒரு கண் சிமிட்டும் நேரம் வெளிச்சம் பட்டாலும் போச்சு என்பதும் அதில் இருந்தது. ஆனால் போச்சு என்பது மட்டும் அவளுக்கு அன்று பிற்பகலே தெரிந்துவிட்டது.

இறங்க வேண்டிய இடத்தை விட்டுக் காற்றில் வெகுதூரம் தள்ளி வந்துவிட்டதால், ஹெலிகாப்டர்கள் அதைத் தேடிக் கண்டுபிடிக்கப் பொழுது சாயத் தொடங்கிவிட்டது. இரண்டு வந்தன. பிலிம் முழுதும் காற்றில் எழும்பிப் பறந்து பெண்களின் காலைச் சுற்றிக்கொண்டது. இறங்கி ஓடி வந்த ராணுவ வீரர்கள் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். கேப்டன் மட்டும் நடந்து வந்தார். குனிந்து பிலிமின் ஒரு துண்டை எடுத்தார். கறுத்த பக்கத்தையும் மறுபக்கத்தையும் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். அவர் கத்தியிருந்தால் அவர்கள் பயந்திருப்பார்கள். அவர் உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் நகீமாவுக்குப் புரிந்தது, போச்சு என்று.

கேப்டனுக்குக் கசாக் தெரியாது. இவர்களுக்கு அவ்வளவு ரஷ்யன் தெரியாது. கூட்டுப்பண்ணைத் தலைவர் முகாஷைக் கூப்பிட ஆள் போனது. அவர் வரும்போது, வழியில் லாரியோடு எதிர்ப்பட்ட ஆல்வினையும், இரண்டு மொழியும் தெரிந்தவன் என்பதால், கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆல்வின் லாரியை விட்டுக் குதித்து, புல்வெளி முழுக்கக் கிடந்ததைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"ஐயோ, இது கழுவாத பிலிமாச்சே," என்றான், கசாக்கில், தனக்குத்தானே. பிறகு தலையைத் தூக்கி நகீமாவைத் தேடினான். ஒரே ஒரு பார்வை. அவள் அண்ணியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

கேப்டன் கேட்டார், ஆல்வின் சொன்னான். முதல் கேள்வி, யாராவது உருண்டையைச் சுத்தியலால் அடித்தார்களா என்பது. உள்ளே வெடிமருந்து இருக்கிறதாம். அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்து பால் குடித்த துரார் வெளிறிப்போய், இல்லை என்று தலையாட்டினான். "சுத்தியல் இல்ல, ஸ்பேனர்தான்னு சொல்லவாடா குடத் தலையா?" என்று ஆல்வின் மெதுவாகக் கேட்டான். அதுவரை அவன் குரலில் விளையாட்டு இருந்தது. துணியை எல்லாரும் கொண்டுவந்து போட்டார்கள். ரிஸ்தி வெட்டியதை நான்காக மடித்து வைத்தாள்.

பிறகு கேப்டன் அடுத்த கேள்வியைக் கேட்டார். பிலிமை வெளியே இழுக்கச் சொன்னது யார்? ஆடு குதிரை மேய்க்கிறவர்கள் பெட்டியைத் திறப்பார்கள், ஒரு துண்டு அறுத்துக்கொள்வார்கள், அதுவரை அவருக்குப் புரிகிறது. கடைசி முழம்வரை ஒன்றுவிடாமல் வெயிலில் விரித்துக் காயப் போட மாட்டார்கள். பிலிமைப் பற்றித் தெரிந்த ஒருவன் சொல்லிக் கொடுத்துத்தான் இது நடந்திருக்க வேண்டும்.

ஆல்வின் இதைக் கசாக்கில் சொல்லி முடித்தபோது அவன் குரலில் விளையாட்டு இல்லை. ரிஸ்தி தன் காலைப் பார்த்தாள். குழந்தைகள்கூட நகீமாவைக் கைகாட்டவில்லை. அவளைக் காப்பாற்றுவதென்று ஒருவரோடு ஒருவர் பேசாமலே முடிவெடுத்துவிட்டார்கள். இப்போது அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். நான் என்று சொல்ல வேண்டும். இதே இடத்தில், இதே மனிதர்கள் முன்னால், காலையில் எத்தனை சுலபமாகப் பேசினாள்.

துரார் தொண்டையைச் செருமினான்.

"பிலிமை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கணும்னு சினிமாக்காரன்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தான்," என்றான். "ஆரம்பத்துல படம் இருக்காது, இழுத்துக்கிட்டே போகணும்னும் அவன்தான் சொன்னான். எங்களுக்கு வேற எப்படித் தெரியும்?"

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆல்வின் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். மஞ்சத் தலையா என்று கூப்பிட்ட வாய், சினிமாக்காரன் என்றது. கேப்டன், என்ன சொல்கிறான் என்று கேட்டார். ஆல்வின் கேப்டன் பக்கம் திரும்பினான். துரார் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் ரஷ்யனில் சொன்னான். சினிமாக்காரன் என்று வந்த இடத்தில் தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினான். அவ்வளவு ரஷ்யன் நகீமாவுக்கும் புரிந்தது.

கேப்டன் எழுந்து நின்றார். ஊர் என்ன, பெயர் என்ன என்று அவனைக் கேட்டார். பெயரைச் சொன்னதும், முகாஷ் தலைவர் அவசரமாக நடுவில் புகுந்து, ஐயா, இவன் ஜெர்மன்காரன், இங்கே குடியேற்றப்பட்டவன், எங்கள் ஆள் இல்லை என்று விளக்கினார். அதை யாரும் கேட்கவில்லை. தலைவர் தானாகச் சொன்னார்.

ஆல்வின் கேப்டனிடம் ஏதோ வேகமாகச் சொன்னான். காலையிலேயே கிளம்பிவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். கேப்டன் அவனை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். வயதானவர்களை விட்டார், ஆண்களை விட்டார். பொய் சொல்லத் தெரியாத முகமாக ஒன்றைத் தேடியிருக்கிறார். அண்ணியின் தோளுக்குப் பின்னாலிருந்த நகீமாவைக் கைகாட்டி, அவளைக் கேள் என்று ஆல்வினிடம் சொன்னார்.

ஆல்வின் அவள் பக்கத்தில் வந்து நின்றான். அவன் சட்டையில் எப்போதும் இருக்கும் பிலிம் ஒட்டுகிற பசையின் வாடை வந்தது.

"இன்னிக்குக் காலையில நான் இங்க இருந்தேனான்னு கேக்கறாரு, நகீமா," என்றான்.

இருந்தான். அவள் கையால் இரண்டு கிண்ணம் தேநீர் குடித்தான். உருண்டை விழுவதற்கு முன்பே போய்விட்டான் என்பதும் அவளுக்குத் தெரியும். அதைச் சொல்ல நான்கு சொற்கள் போதும். அவள் வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், ஆமாம் என்று.

தலையாட்டலை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. கேப்டனே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆல்வினை ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லாரி மூன்று நாள் அங்கேயே நின்றது. பிறகு வேறொரு ஓட்டுநர் வந்து எடுத்துப் போனான். அன்று வீட்டில் யாரும் ஆல்வினைப் பற்றிப் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. துரார் அவளிடம், "கறவைக்கு நேரமாச்சு," என்று மட்டும் சொன்னான். உன்னைக் காப்பாற்றத்தானே என்று அவன் ஒரு சொல் சொல்லியிருந்தால், என்னைக் காப்பாற்றச் சொல்லி யார் கேட்டார்கள் என்று அவள் கோபப்பட்டிருக்கலாம். அவன் அந்த வசதியைக்கூட அவளுக்குக் கொடுக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு அதிகாரி வந்து, அன்று கேப்டனிடம் சொன்னது உண்மை என்று எழுதியிருந்த தாளில் ஆளுக்கொரு கையெழுத்து வாங்கினார். அவருக்குக் கசாக் தெரியும். நடந்ததைச் சொல்ல விரும்பினால் சொல்லலாம், எழுதிக்கொள்கிறேன் என்று நகீமாவிடம் பேனாவைக் காட்டினார். அவர் நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். அண்ணன் வாசலில் நின்று கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். சொல்ல ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஏழாவது வகுப்பில் பழகிய அழகான கையெழுத்து. அதிகாரி அதைப் பாராட்டினார்.

ரிஸ்தியின் தங்கை கல்யாணத்தில் பழைய பூப்போட்ட துணியைத்தான் திரையாகக் கட்டினார்கள். குளிர்காலத்தில் புதுச் சினிமாக்காரன் வந்தான். அவனுக்கு உதவி தேவைப்படவில்லை. படம் காட்டும்போது நகீமா தலைவலி என்று உள்ளே படுத்துக்கொண்டாள். சுற்றுக் கட்டை மரப்பெட்டிக்குப் பின்னால் கம்பளியால் மூடிக் கிடந்தது. அதை வெளியே போடவும் அவளால் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

தனக்குள்ளே அவள் பேசிப் பழகினாள். குதிரை கறக்கும்போது, அதன் விலாவில் நெற்றியை வைத்துக்கொண்டு, 'நான்தான் இழுக்கச் சொன்னேன். அவர் விடிஞ்சதுமே போயிட்டார்.' குதிரை காதை அசைக்கும். குதிரைக்கு முன்னால் எத்தனை முறை சொன்னாலும் நாக்குத் தடுமாறவில்லை.

ஆல்வின் மறு ஜூலையில் வந்தான். ஏழு மாதம் எங்கோ வைத்திருந்துவிட்டு, ஒன்றும் நிரூபிக்க முடியாமல் விட்டுவிட்டார்கள் என்றும், ஆனால் பிலிமையோ இயந்திரத்தையோ இனி அவன் தொடக் கூடாதென்று உத்தரவு போட்டு, ரயில் நிலையக் கரிக் கிடங்கில் மண்வாரி கொடுத்திருக்கிறார்கள் என்றும் முன்பே செய்தி வந்திருந்தது. சாலையில் யாரோ இறக்கிவிட, அங்கிருந்து நடந்து வந்தான். மஞ்சள் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். காதுமடிப்பில் கரி.

"என் சுற்றுக் கட்டை இங்க இருக்கு," என்றான் துராரிடம். "அதை எடுத்துக்கிட்டுப் போயிடறேன். வேற ஒண்ணும் இல்ல."

வேறொன்றும் இல்லாமல் அனுப்ப அவர்களால் முடியவில்லை. துரார் மந்தைக்கு ஓடிப்போய் நல்ல ஆட்டைப் பிடித்து வந்து அறுத்தான். அவசரத்தில் கத்தி நழுவிக் கையை வெட்டிக்கொண்டான். ரிஸ்தி விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த மெத்தைகளையெல்லாம் கூடாரத்தின் தலைமாட்டில் அடுக்கி அவனை உட்கார வைத்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. இந்த ஆண்டு புல் எப்படி, குட்டிகள் எத்தனை என்று துரார் தானே கேள்வி கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டிருந்தான். கரிக் கிடங்கில் வேலை கஷ்டமா என்று ரிஸ்தி கேட்டுவிட்டு, உடனே எழுந்து தேநீர் ஊற்றப் போய்விட்டாள். நகீமா வாசலோரம் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தாள். பழகி வைத்திருந்த இரண்டு வாக்கியங்களும் பத்திரமாக இருந்தன. இந்தக் கிண்ணம் காலியானதும் சொல்லலாம். அடுத்த கிண்ணம் காலியானதும்.

ஆட்டுத் தலையை வேகவைத்துத் தட்டில் வைத்து, முகம் அவனைப் பார்க்கும்படி துரார் நீட்டினான். மதிக்கிற விருந்தாளிக்குத்தான் தலை. வாங்கியவன் அதை வெட்டி எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். எந்தத் துண்டு யாருக்கு என்பது அந்த வீட்டிலேயே வளர்ந்த ஆல்வினுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வலது காதை அறுத்து, பெரியவர் பேச்சைக் கேட்டு வளரட்டும் என்று கொடுக்கிற வழக்கப்படி துராரின் சின்ன மகனுக்குக் கொடுத்தான். கன்னத்துச் சதையைத் துராருக்கு வைத்தான். துரார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பிறகு ஆல்வின் தாடையைப் பிரித்து, நாக்கை முழுதாக அறுத்து எடுத்தான். பேச்சு வராத பிள்ளைகளுக்குத்தான் அந்த வீட்டில் நாக்கைக் கொடுப்பார்கள். அதைத் தட்டின் ஓரத்தில் வைத்து, தட்டை வாசல் பக்கம், நகீமாவிடம் தள்ளினான்.

ரிஸ்தி சிரிக்கப் பார்த்தாள். "எங்க பேசாமடந்தைக்கு..." என்று தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள்.

நகீமா தட்டைப் பார்த்தாள். ஆவி போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் அவளைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். கையை நீட்டி அதை எடுத்து வாயில் வைத்து மென்றாள். விழுங்குவதற்கு வெகு நேரம் ஆனது.

"நான்தான் இழுக்கச் சொன்னேன்," என்றாள். குரல் தன்னுடையது போலவே இல்லை. "அவர் விடிஞ்சதுமே போயிட்டார். அன்னிக்கு நான் அதைச் சொல்லல."

அங்கே இருந்தவர்களில் இது தெரியாதவர்கள் யாரும் இல்லை. குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். தெரியாத ஒரே ஆள் கேப்டன், அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ. துரார் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கே தலைவர்கிட்டப் போய்ச் சொல்றேன் அண்ணே. எழுதியும் கொடுக்கறேன்," என்றாள் நகீமா. சொல்லும்போதே, அந்தத் தாளில் தன் அழகான கையெழுத்து ஏற்கெனவே இருப்பது நினைவுக்கு வந்தது.

ஆல்வின் கத்தியைத் துணியில் துடைத்து, மடித்துத் தட்டின் பக்கத்தில் வைத்தான். உள்ளங்கைகளால் முகத்தைத் தடவி, சாப்பாட்டை முடித்ததற்கான அடையாளத்தைச் செய்தான். எழுந்து மரப்பெட்டிக்குப் பின்னால் போய்க் கம்பளியை விலக்கிச் சுற்றுக் கட்டையை எடுத்தான். அது எங்கே இருக்கிறதென்று அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கைப்பிடியை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். எண்ணெய் இல்லாமல் கிரீச்சிட்டது. வாசலைத் தாண்ட நகீமாவைக் கடந்துதான் போக வேண்டும். அவள் காலை மடக்கி வழிவிட்டாள். அவன் தலையைக் குனிந்து வெளியே போய், கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் சாலையை நோக்கி நடந்தான்.